ஓட நினைக்கிற காலுக்கு எந்தப் பாதம்?

முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்த பிள்ளை ஓட வேண்டும் என்கிறான். கனடாவில் இருக்கிற மாமா காசு அனுப்பத் தயார். வீட்டில் எல்லோரும் யூடியூப்பில் பிளேட் என்கிற வளைந்த கறுப்புக் காலோடு ஓடுகிறவர்களைப் பார்த்துவிட்டார்கள். எதை வாங்குவது?

யாழ்ப்பாணத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் வருகிறது. அண்மையில் ஒரு தகப்பன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "சேர், மச்சான் காசு தாறன் எண்டு நிக்கிறார். பிளேட்டையே நேர வாங்கிவிடுவமோ?" என்றார். "அவசரப்படாதேங்கோ அண்ணை. முதலில பெடியன் இப்ப போடுற காலைக் கழற்றிக் காட்டட்டும்" என்றேன். கழற்றினான். கணைக்கால் எலும்பு முடிகிற இடத்தில் முன்பக்கமாகத் தோல் சிவந்து, ஓரம் கறுத்துத் தடித்திருந்தது. உள்ளே போடுகிற சொக்ஸ் அதே இடத்தில் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. பாடசாலைக்கு நடந்துபோய் வந்ததிலேயே அந்தக் கோலம்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் காசு சொக்கெட்டுக்கு, அதாவது எஞ்சிய கால் உட்காருகிற அந்தக் கிண்ணத்துக்கு. அடுத்தது நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு திரியக்கூடிய காபன் ஃபைபர் பாதம். பிளேட் மூன்றாவது. அதுவும் முடிந்தால் பலருக்குப் பொதுவாக. ஏன் இந்த ஒழுங்கு என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். இது முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்களுக்கானது. முழங்காலுக்கு மேலே என்றால் கதை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓட்டம் காலிடம் என்ன கேட்கிறது?

நடக்கும்போது எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டு காலும் தரையை விட்டு எழும்புகிற கணம் உண்டு. பிறகு முழு உடம்பும் ஒற்றைக் காலில் வந்து இறங்கும். நடையில் காலில் விழுகிற பாரம் உடல் எடையை விடக் கொஞ்சம்தான் அதிகம். ஓட்டத்தில் அது எடையின் இரண்டு, மூன்று மடங்கு. 60 கிலோ பெடியன் என்றால் ஒவ்வொரு அடிக்கும் 150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாரத்தை வாங்க வேண்டும், வாங்கிய கையோடு உடம்பைத் திரும்ப முன்னுக்குத் தள்ளவும் வேண்டும். சாதாரணக் காலில் இதைக் கெண்டைத் தசையும் குதிகாலுக்குப் பின்னால் இருக்கிற தடித்த நாணும் சேர்ந்து செய்கின்றன.

1991இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்களை வெவ்வேறு பாதங்களைப் போட்டு ஓடவிட்டு அளந்தது. பாதம் உள்வாங்கிய சக்தியில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பதுதான் கணக்கு. சாச் எனப்படும், கணுக்கால் அசையாத சாதாரணப் பாதத்தில் 31 சதவீதம். பிளாஸ்ரிக் வில் வைத்த சியாற்றில் பாதத்தில் 52 சதவீதம். காபன் ஃபைபரால் செய்த ஃப்ளெக்ஸ் ஃபுட்டில் 84 சதவீதம். இயற்கையான காலில் 241 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். தசை புதிதாகச் சக்தியைப் போடுகிறது, அதனால் வாங்கியதை விடக் கொடுப்பது கூட. காபன் தகடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வாங்கியதற்கு மேல் ஒரு துளியும் தராது. மிச்சத்தை இடுப்பும் தொடையும் உழைத்துக் கொடுக்க வேண்டும். ஆகவே எந்தப் பாதத்தை வாங்கினாலும் இடுப்புக்கும் தொடைக்கும் பயிற்சி வேண்டும். பிளேட் போட்டவுடன் பிள்ளை பறப்பான் என்று நினைத்து வாங்கினால் இரண்டாம் கிழமையே மனம் உடைந்துபோகும்.

கையில் இருக்கிற பாதத்தோடேயே ஓடலாமா?

எங்கள் பக்கத்தில் காலை இழந்த அநேகம் பேருக்கு முதலில் கிடைப்பது ஜெய்ப்பூர் கால், அல்லது பொலிபுரொப்பிலீன் பிளாஸ்ரிக் சொக்கெட்டோடு வருகிற சாச் வகைப் பாதம். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கியது 1987இல். கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் காலை இழந்த எத்தனையோ பேர் அதனால்தான் திரும்ப எழுந்து நடந்தார்கள். இந்தக் காலைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது அது. குதியிலும் முன்பாதத்திலும் பஞ்சு போன்ற இறப்பர், கணுக்காலில் மரக்கட்டை. இவற்றை டயர் நூலால் சுற்றி, மேலே இறப்பர் போர்த்தி, அச்சில் வைத்துச் சூட்டில் இறுக்குவார்கள். சப்பாத்து வேண்டாம். வெறுங்காலோடு நல்லூர் வீதியைச் சுற்றலாம், கிணற்றடியில் நிற்கலாம், தோட்டத்துச் சேற்றில் இறங்கலாம், சம்மணம் கட்டிச் சாப்பிடலாம். கீழே வரப்போகிற எந்தக் காபன் பாதமும் இவ்வளவையும் செய்யாது.

சாச் பாதம் 1950களில் கலிபோர்னியாவில், பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அசையாத கணுக்கால், மெத்தென்ற குதி, உள்ளே விறைப்பான கட்டை. மலிவு, உடையாது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இவற்றோடு ஓட முடியுமா என்றால், முடியும். 1980இல் டெரி ஃபொக்ஸ் என்ற கனடிய இளைஞர் முழங்காலுக்கு மேலே வெட்டிய காலோடு, அக்காலத்துச் சாதாரண செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு, கனடாவில் 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். செயற்கைக் கால் முன்னுக்கு வந்து சேரும்வரை நல்ல காலால் இரண்டு முறை எம்பி எம்பித்தான் அவர் ஓடினார். எஞ்சிய காலில் புண்களும் இரத்தமும். கனடாவில் வளர்கிற எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு செப்டெம்பரும் பாடசாலையில் அவர் பெயரால் ஓடுகிறார்கள். அவர் மனத்திடத்தை வணங்கலாம். அந்த வேதனையை இன்னொரு பிள்ளைக்குப் பயிற்சித் திட்டமாக வைக்க முடியாது.

ஜெய்ப்பூர் காலோடு கரப்பந்து விளையாடுகிற ஒரு பெடியனின் பாதத்தை நான் திருப்பிப் பார்த்திருக்கிறேன். விரல்கள் மடிகிற கோட்டில் இறப்பர் குறுக்காக வெடித்து, உள்ளே இருக்கிற நூல் அடுக்குத் தெரிந்தது. வெளிப்பக்க ஓரம் மட்டும் தேய்ந்து சரிந்திருந்தது. பந்துக்குப் பாயும்போது பாதம் திருப்பித் தள்ளாததால், அவன் காலை வெளியால் வீசி இழுக்கிறான் என்பது அந்தத் தேய்மானத்திலேயே தெரிந்தது. வீட்டு முற்றத்தில் தம்பியைத் துரத்த, பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு ஓட இந்தக் கால் போதும். கிழமைக்கு மூன்று நாள் மைதானத்தில் ஓட வேண்டும் என்றால் போதாது.

அன்றாடக் காபன் பாதம்

அமெரிக்கரான வான் பிலிப்ஸ் 1976இல், 21 வயதில், நீர்ச்சறுக்கு விபத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். தனக்குக் கிடைத்த கால் பிடிக்காமல் தானே வடிவமைக்கத் தொடங்கி, 1984இல் ஃப்ளெக்ஸ் ஃபுட் நிறுவனத்தை ஆரம்பித்தார். அவர் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான்: பாதம் பாதம் போலத் தெரிய வேண்டியதில்லை, வில் போல வேலை செய்தால் போதும். 1988 சியோல் பராலிம்பிக்கில் டெனிஸ் ஓலர் அந்தக் காலோடு 100 மீற்றரை 11.73 செக்கனில் ஓடியபோது உலகம் திரும்பிப் பார்த்தது.

இன்றைய அன்றாடக் காபன் பாதம் அந்த வழியில் வந்ததுதான். முன்பாதத்துக்கு ஒரு தகடு, குதிக்கு ஒரு தகடு, மேலே பாத வடிவில் ஓர் உறை. அதைச் சப்பாத்துக்குள் போட்டுவிட்டால் வெளியே வித்தியாசம் தெரியாது. குதி இருப்பதால் நிற்கலாம், படி ஏறலாம், வகுப்பில் இருக்கலாம், மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். மெதுவான ஓட்டம், கரப்பந்து, பட்மின்டன் எல்லாம் வரும். என் கண்ணில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மிகப் பெரிய மாற்றத்தைக் கொடுப்பது இந்தப் பாதம்தான். பிளேட்டை நாளுக்கு ஒரு மணித்தியாலம் போடுவான். இதை விழித்திருக்கிற நேரமெல்லாம் போட்டுக்கொண்டு திரிவான்.

இதிலும் இரண்டு தொல்லை உண்டு. ஒன்று, இந்தப் பாதம் குறிப்பிட்ட குதி உயரத்துக்கு ஏற்பப் பொருத்தப்படுவது. சப்பாத்துக்குச் சரிசெய்துவிட்டு வீட்டில் வெறுங்காலோடு நடந்தால் உடம்பு பின்னுக்குச் சாயும், முழங்கால் பின்னுக்குத் தள்ளப்படும். எங்கள் வீடுகளில் யாரும் சப்பாத்தோடு உள்ளே வருவதில்லை. அதனால் வீட்டுக்குள் மட்டும் போட அதே உயரக் குதியுள்ள, கழுவி வைத்த ஒரு சோடி தனியாக வேண்டும், அல்லது வீட்டில் பழைய ஜெய்ப்பூர் காலுக்கு மாற வேண்டும். பழைய காலை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். மற்றது மணலும் உப்பும். உறைக்குள் மணல் போனால் தகட்டை அராவும். காபன் ஃபைபரோடு அலுமினியம் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் வேகமாக அரித்துப்போகும். கசூரினா கடற்கரையில் கால் நனைத்துவிட்டு வந்தால் அன்றே உறையைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். வல்வெட்டித்துறையிலும் தீவுப்பகுதியிலும் இருக்கிறவர்களுக்கு இது வாராந்த வேலை.

விலையைப் பற்றி ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவும் பீபிநகர் எய்ம்ஸ் மருத்துவமனையும் 2025இல் உள்நாட்டுக் காபன் பாதம் ஒன்றை வெளியிட்டன. 125 கிலோ வரை சோதித்தது. இறக்குமதிப் பாதம் சுமார் 2 இலட்சம் இந்திய ரூபாய் என்றால், இதன் உற்பத்திச் செலவு 20,000 ரூபாய்க்குள் அடங்கும் என்று அறிவித்தார்கள். அது ஓட்டத்துக்கென்று செய்த பாதம் அல்ல. ஆனாலும் பக்கத்து நாட்டில் இந்த விலைக்குக் காபன் பாதம் வரத் தொடங்கினால் எங்களுடைய கணக்கே மாறும். வாங்க நினைக்கிறவர்கள் இதை ஒரு கண் வைத்திருங்கள்.

பிளேட்: சி வடிவமா, ஜே வடிவமா?

சரி, எல்லோரும் கேட்கிற சாமானுக்கு வருவோம். ஓட்டப் பிளேட்டில் குதி இல்லை. ஓடும்போது முன்பாதத்தால் இறங்குகிற காலை மட்டும் எடுத்து, அதை ஒரே வளைவாக்கினது அது. காபன் ஃபைபர்த் துணியை அடுக்கடுக்காகப் பிசினோடு வைத்து, அழுத்தத்திலும் சூட்டிலும் இறுக்கிச் செய்வார்கள். அடுக்கின் எண்ணிக்கையும் நூல் ஓடுகிற திசையும்தான் விறைப்பைத் தீர்மானிக்கும்.

சி வடிவம் சொக்கெட்டின் அடியில் பூட்டப்படும். வளைவு பெரியது, நன்றாக அமுங்கி எழும்பும். மெதுவான, நீண்ட ஓட்டத்துக்கு உகந்தது. ஜே வடிவம் சொக்கெட்டின் பின்பக்கம் பூட்டப்பட்டு நேராகக் கீழே இறங்கி முன்னுக்கு வளையும். குறுந்தூர வேக ஓட்டக்காரர் போடுவது இதைத்தான், அடியில் ஆணியும் பூட்டலாம். எஞ்சிய கால் நீளமானவர்களுக்குச் சொக்கெட்டுக்கும் தரைக்கும் இடையில் சி வளைவுக்கு இடம் போதாமல் போவதுண்டு. அப்போது பின்பக்கம் பூட்டுவதைத் தவிர வழியில்லை. ஆகவே வாங்க முன்னர் அளக்க வேண்டிய முதல் அளவு அந்த இடைவெளி.

இந்த இரண்டில் எங்கள் பிள்ளைகளுக்குச் சி வடிவம்தான் என்பது என் தீர்ப்பு. ஜே வடிவம் முழு வேகத்தில், சமமான தடத்தில், ஏற்கனவே ஓடப் பழகிய உடம்போடு போகும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். மாவட்டப் போட்டியில் 100 மீற்றர் நேரம் குறிக்கிற நிலைக்கு ஒரு பிள்ளை வந்துவிட்டானா, அப்போது ஜே பற்றிப் பேசலாம். பராலிம்பிக்கில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்து செயற்கைக் காலோடு ஓடுகிறவர்கள் டி64 பிரிவில் வருவார்கள். அந்த இலக்கு நல்லதுதான். ஆனால் முதல் வருடத்துக்கு உரிய இலக்கு அது அல்ல.

விறைப்பைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். உற்பத்தியாளர்கள் எடையையும் ஓடுகிற வகையையும் வைத்து எண் கொடுப்பார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பிளேட்டின் விறைப்பு மீற்றருக்கு 20 கிலோநியூட்டன் என்று வைப்போம், அதாவது ஒரு சென்ரிமீற்றர் அமுங்க ஏறக்குறைய 20 கிலோ பாரம் வேண்டும். 60 கிலோ பிள்ளை எடையின் இரண்டரை மடங்கோடு இறங்கினால் அது ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர் அமுங்கும். 90 கிலோ ஆள் இறங்கினால் 11 சென்ரிமீற்றர். அதனால்தான் எடை கூடியவருக்கு விறைப்பைக் கூட்டிச் செய்வார்கள். ஆகவே 90 கிலோ வெள்ளைக்காரருக்காகச் செய்த பிளேட் எங்கள் 50 கிலோப் பெடியனின் காலில் போதிய அளவு அமுங்காது. முட்டுக்கட்டையில் குதித்த மாதிரி ஒவ்வொரு அடியும் முழங்காலுக்கும் முதுகுக்கும் ஏறும். வெளிநாட்டில் யாரோ பாவித்துவிட்டு நன்மனத்தோடு அனுப்புகிற பிளேட்டுகளில் இதுதான் ஆபத்து. அனுப்புகிற உறவினரிடம் முதலில் கேளுங்கள்: அதைப் பாவித்தவரின் எடை என்ன, பிளேட்டில் எழுதியிருக்கிற எண் என்ன? அந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளையின் எடைக்குப் பொருந்தாத எண் என்றால், அன்பாக மறுத்துவிடுங்கள்.

இப்படி அமுங்குவதால் பிளேட் போட்ட கால் மற்றக் காலை விடச் சில சென்ரிமீற்றர் உயரமாகவே பொருத்தப்படும். ஓடும்போது இரண்டும் சமமாகும். நிற்கும்போது இடுப்பு சாயும். குதியும் இல்லை என்பதால் பிளேட்டில் ஓரிடத்தில் நிற்பதே சிரமம், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்க வேண்டும். மைதானத்தில் பரவாயில்லை. விடிய ஐந்தரைக்கு ஒழுங்கையால் ஓடுகிற பிள்ளையை நாய் துரத்தினால் சட்டென்று நின்று திரும்ப முடியாது. எனவே தொடக்கத்தில் வேலி அடைத்த மைதானம்தான், கூட ஒருவர் ஓட வேண்டும்.

தரையும் பார்க்க வேண்டும். துரையப்பா மைதானத்துப் புல்லும், காபெட் போட்ட வீதியின் ஓரமும் பிளேட்டுக்கு நல்லவை. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் காய்ந்திருக்கும்போது நல்லது. மாரியில் அடியில் அப்பிக்கொண்டு வழுக்கும். வடமராட்சிக் கரை மணலில் பிளேட் ஒடுக்கமான அடியோடு புதையும், அங்கே வேண்டாம். சுண்ணக்கல் துருத்திக்கொண்டிருக்கிற பாடசாலை மைதானங்களில் அடி இறப்பர் விரைவில் கிழியும். அதற்கு மட்டும் கவலை வேண்டாம். பழைய ஓட்டச் சப்பாத்தின் அடியை வெட்டிப் பிளேட்டில் ஒட்டுவது உலகெங்கும் ஓட்டக்காரர் செய்கிற வேலைதான். சந்தையடியில் சப்பாத்துத் தைக்கிறவரே செய்து தருவார். தகட்டில் துளை போடக்கூடாது, சீவக்கூடாது, நல்ல பசை மட்டும். இதை அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒரு துளை போட்டால் அந்த இடத்திலிருந்து அடுக்குப் பிரியத் தொடங்கும்.

விலை? மேற்கு நாடுகளில் பிளேட், சொக்கெட், பொருத்துதல் எல்லாம் சேர 10,000 டொலரைத் தாண்டுவது சாதாரணம். பிளேட்டை மட்டும் வாங்கி அனுப்பினால் மலிவாகத் தெரியும். ஆனால் இங்கே சொக்கெட் இல்லாமல் அது சுவரில் சாய்த்து வைக்கிற சாமான்.

எல்லாவற்றுக்கும் முதல் சொக்கெட்

பாதம் எவ்வளவு நல்லதானாலும் உடம்பைத் தொடுவது சொக்கெட்தான். ஓடும்போது அந்த 150 கிலோவும் எஞ்சிய காலின் தோலுக்குள்ளால்தான் போகிறது. சொக்கெட் சற்றுத் தளர்ந்திருந்தால் கால் உள்ளே மேலும் கீழும் உரசும். நடையில் அது எரிச்சல். ஓட்டத்தில் அரை மணித்தியாலத்தில் தோல் உரிந்துவிடும். ஒரு புண் ஆறும்வரை பிள்ளை செயற்கைக் காலே போட முடியாமல் ஊன்றுகோலோடு இருப்பான். ஓட்டத்தை விடுகிறவர்கள் அநேகமாக இந்த இடத்தில்தான் விடுகிறார்கள்.

எங்கள் காலநிலையில் வியர்வை இன்னொரு எதிரி. சிலிக்கன் லைனர், அதாவது எஞ்சிய காலில் இழுத்துப் போடுகிற மெத்தென்ற உறை, போட்டால் உரசல் குறையும், பிடிப்பும் நல்லது. ஆனால் வைகாசி வெய்யிலில் லைனருக்குள் தண்ணீர் கட்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே வழுக்கிக் கழன்றுவிடும். நான் செய்விப்பது இதுதான்: சூரியன் ஏற முன்னர் ஓட்டம், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, இருந்து, லைனரைக் கழற்றி, காலையும் லைனரையும் துவாயால் துடைத்துத் திரும்பப் போடுவது. வீட்டுக்குப் போனதும் லைனரை மெல்லிய சவர்க்காரத்தில் கழுவி நிழலில் காயவிட வேண்டும். அப்படியே கண்ணாடி முன் எஞ்சிய காலின் அடியையும் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். சிவப்பு பத்து நிமிடத்தில் மறைந்தால் நல்லது. மறையாவிட்டால் அடுத்த நாள் ஓட்டமில்லை, செயற்கைக் கால் பொருத்துநரிடம் போக வேண்டும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலைப் பலர் காசு கட்டிய பிறகுதான் அறிகிறார்கள். வழமையான ஜெய்ப்பூர் காலில் சொக்கெட்டும் கீழ்க்காலும் பிளாஸ்ரிக்கில் ஒன்றாகச் செய்யப்பட்டிருக்கும். அதன் கீழ் பிளேட்டைப் பூட்ட இடமே இல்லை. காபன் பாதத்துக்கும் பிளேட்டுக்கும் பிசின் வார்த்த உறுதியான சொக்கெட்டும், அதன் அடியில் பிரமிட் வடிவ இணைப்பும் வேண்டும். அந்த இணைப்பில் நான்கு சிறு திருகாணிகள் இருக்கும். பொருத்துநர் பிள்ளையை ஓடவிட்டுப் பார்த்து, அலன் கீயால் ஒரு திருகாணியைக் கால்வாசிச் சுற்றுத் தளர்த்தி எதிர்ப்பக்கத்தை இறுக்குவார். அந்தக் கால்வாசிச் சுற்றில் முழங்கால் உள்ளே போவதும் வெளியே போவதும் மாறும். ஒரு தடவையில் இது முடியாது. பல நாள் வர வேண்டும். ஆகவே இந்த வேலையைச் செய்யத் தெரிந்த, எட்டுகிற தூரத்தில் இருக்கிற ஒரு பொருத்துநர் இல்லாமல் கொழும்பில் ஒரு நாளில் பூட்டிக்கொண்டு வருவதை நான் ஆதரிக்க மாட்டேன். ராகமையில் செயற்கைக் கால் பொருத்துநர்களைப் பயிற்றுகிற கல்லூரி இருக்கிறது. அங்கே படித்துவிட்டு வந்தவர்கள் வடக்கிலும் இருக்கிறார்கள். பாதத்தைத் தேட முன்னர் ஆளைத் தேடுங்கள்.

நாங்களே செய்யலாமே?

கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துப் பிள்ளைகளைச் சந்திக்கிற போதெல்லாம் இந்தக் கேள்வி வரும். ஆசை நியாயமானது, நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆமஸ் விண்டரின் குழு ஜெய்ப்பூர் கால் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரே துண்டு நைலோனில் ஒரு பாதத்தை வடிவமைத்தது. நடக்கும்போது கீழ்க்கால் எந்தப் பாதையில் சாய்ந்து நகர வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்து, ஆளின் எடைக்கும் அளவுக்கும் ஏற்பத் தகட்டின் வளைவைக் கணினி தீர்மானிக்கும். கனடாவில் பிறந்த நயாகரா பாதமும் அதேபோலக் கடின பிளாஸ்ரிக்கில் வார்த்த ஒற்றைத் துண்டு வில்தான், கண்ணிவெடியில் காலை இழந்தவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. இரண்டும் நடைக்கானவை. ஆனால் வழி காட்டுகின்றன: மலிவான பொருள், கவனமான வடிவம்.

ஓட்டத்துக்கு வந்தால் சிக்கல் கூடுகிறது. காரைநகரில் ஃபைபர் படகு கட்டிய அனுபவம் இருக்கிறது, கண்ணாடி இழையையும் பிசினையும் கையாளத் தெரிந்த கைகள் குடாநாட்டில் இருக்கின்றன. கண்ணாடி இழை காபனை விடப் பாரம், ஆனால் மலிவு, கூடுதலாக வளைந்தும் உடையாது. எனவே மெதுவான ஓட்டத்துக்கான சி வடிவத்தைக் கண்ணாடி இழையில் முயல்வது வீண்முயற்சி அல்ல. ஆனால் படகின் உடலில் ஒரு காற்றுக்குமிழ் அகப்பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு அடிக்கும் வளைந்து நிமிர்கிற தகட்டில் அதே குமிழிலிருந்துதான் அடுக்குப் பிரியும். கையால் தடவிப் பூசுகிற முறை போதாது, காற்றை உறிஞ்சி அழுத்துகிற முறை வேண்டும். செயற்கைக் கால்களுக்கான ஐஎஸ்ஓ 10328 தரம் பாதத்தை 20 இலட்சம் தடவை பாரம் ஏற்றி இறக்கிச் சோதிக்கச் சொல்கிறது. அதுவும் நடைப் பாரத்துக்கு. அந்த அளவுக்கு ஓர் இயந்திரத்தில் போட்டு அடிக்காத எந்தத் தகட்டையும் பிள்ளையின் காலில் பூட்டக்கூடாது. முழு வேகத்தில் தகடு முறிந்தால் விழுவது அவன் முகம் குப்புற. முப்பரிமாண அச்சில் பாதம் செய்கிற யோசனைக்கும் இதே பதில்: அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலான பிடிப்புத்தான் அதன் பலவீனம். சொக்கெட்டின் மாதிரி செய்ய அது உதவும், ஓடுகிற தகட்டுக்கு உதவாது.

மாணவர்களுக்கு என் வேண்டுகோள்: வேகப் பிளேட்டைப் பிரதி எடுக்காதீர்கள். முதலில் சோதனை இயந்திரத்தைச் செய்யுங்கள். பிறகு 40 முதல் 65 கிலோ எடையுள்ள, கிழமைக்கு மூன்று நாள் புல்லில் ஓடப்போகிற ஒரு பிள்ளைக்கான சி தகட்டைச் செய்யுங்கள். அதற்குள் வருடங்கள் போகும். இன்று ஓடக் காத்திருக்கிற பிள்ளை அதற்காகக் காத்திருக்க முடியாது.

ஒன்றை வாங்கிப் பலர் ஓடுவது

யப்பானில் கென் எண்டோ தொடங்கிய சைபோர்க் நிறுவனம் பிளேட் செய்கிறது. 2017இல் டோக்கியோவின் ஷின் டொயோசு ஓட்ட அரங்கில் பிளேட்டுகளுக்கென்று ஒரு நூலகம் திறக்கப்பட்டது. புத்தகம் போல, வருகிறவர் தனக்கேற்ற பிளேட்டை எடுத்துப் பூட்டி, ஓடிப்பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போவார். விலையைப் பார்த்து ஒதுங்கியவர்களும் முதல் தடவையாக ஓடிப் பார்த்தார்கள்.

எங்களுக்கு மிகவும் பொருந்துகிற வழி இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். சொக்கெட் ஒவ்வொருவருக்கும் தனி, பகிர முடியாது. பிரமிட் இணைப்பு எல்லோருக்கும் ஒன்று என்றால், பிளேட்டைப் பகிரலாம். மூன்று நான்கு விறைப்பில் சி பிளேட்டுகள், ஒரு அலன் கீப் பெட்டி, கிழமைக்கு இரண்டு விடியற்காலை மைதானத்துக்கு வருகிற ஒரு பொருத்துநர். வளர்கிற பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருத்தம், எடை ஏற ஏற அடுத்த விறைப்புக்கு மாறலாம், வாங்கிய பிளேட் ஒரே வருடத்தில் வீணாகாது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலைக்கு மண்டபம் கட்டக் காசு அனுப்புகின்றன. அந்தக் காசில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

சிலருக்கு நான் ஓட்டத்தையே இப்போதைக்குச் சொல்வதில்லை. நீரிழிவால் காலை இழந்தவர்களுக்கு மிச்சமிருக்கிற பாதத்தின் உணர்வும் இரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். அவர்கள் அன்றாடக் காபன் பாதத்தோடு வேகமாக நடப்பதே போதும், அதுவும் வைத்தியரிடம் கேட்டுவிட்டு. முழங்காலுக்கு மேலே இழந்தவர்களுக்குப் பாதத்தோடு ஓட்டத்துக்கான முழங்கால் மூட்டும் வேண்டும். செலவும் பயிற்சியும் பல மடங்கு, விழுகிற ஆபத்தும் அதிகம். பொருத்துநரும் பயிற்றுநரும் ஒன்றாக நின்றால்தான் தொடங்க வேண்டும்.

கடைசியாக, காசு கட்ட முன்னர் எழுத்தில் வாங்க வேண்டியவை. பாதத்தின் எடை வரம்பும் விறைப்பு எண்ணும். ஓடினால் உத்தரவாதம் செல்லுமா, நடைக்கு மட்டுமா என்பது. சொக்கெட் தளர்ந்தால் முதல் வருடத்தில் எத்தனை தடவை திருத்தித் தருவார்கள் என்பது. கால் மெலிவது வழமை, ஓடத் தொடங்கினால் இன்னும் விரைவில் மெலியும், ஆகவே இது கட்டாயம் வரும் செலவு. லைனர் இன்னொன்று எங்கே, எவ்வளவுக்குக் கிடைக்கும் என்பது. பூட்டிய பிறகு ஓடவிட்டுப் பார்த்துச் சரிசெய்கிற நாட்கள் விலைக்குள் அடங்குமா என்பது. இந்தக் கடைசிக் கேள்விக்கு "அது தனி" என்று பதில் வந்தால், அந்தத் தொகையையும் மாமாவிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.